பட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள்: ஜப்பானியப் பூ–பறவை ஓவியம், கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இந்த ஓவிய மரபு ஜப்பானிலேயே தோன்றியதா?

பதில்: இல்லை, சீனத்திலிருந்து வந்தது. சாங் அரசர்கள் காலத்தில் அங்கே செழித்திருந்தது. ஜப்பானியர் இதைக் ‘கச்சோகா’ என்கிறார்கள்.

கேள்வி: எந்தப் பூவோடு எந்தப் பறவை வரவேண்டும் என்று விதி உண்டா?

பதில்: விதி என்பதைவிட வழக்கம் எனலாம். பிளம் பூவோடு உகுயிசு என்னும் பாடும் பறவை, மூங்கிலோடு சிட்டுக்குருவி, பைன் மரத்தோடு பெருங்கொக்கு. பூவைப் பார்த்ததுமே என்ன பருவம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரே ஓவியரைத்தான் பார்க்கலாம் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

பதில்: தயங்காமல் இட்டோ ஜாகுச்சூ என்பவரை (1716–1800). கியோட்டோவின் நிஷிகி சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தின் மூத்த மகன். நாற்பது வயதையொட்டிக் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேரமும் வரைய உட்கார்ந்தார். வீட்டில் கோழிகளை வளர்த்து, அவற்றையே பார்த்துப் பார்த்து வரைந்தார். அவருடைய சேவல்களின் திமிர் அப்படி வந்ததுதான். ‘தோஷோகு சாய்-எ’ என்ற முப்பது பட்டு ஓவியங்களைச் சுமார் பத்தாண்டுகளில் வரைந்து ஷோகோகுஜி என்னும் பௌத்தக் கோயிலுக்குக் காணிக்கையாக்கினார்.

கேள்வி: அதில் வெள்ளை பீனிக்ஸின் இறகுகள் பொன்னாக மின்னுகின்றனவே, தங்கப்பொடியா?

பதில்: பலரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆய்வில் தங்கமே அகப்படவில்லை! பட்டின் பின்பக்கம் மஞ்சள் காவி பூசி, முன்பக்கம் சிப்பிச் சுண்ணத்தால் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகளை இழுத்திருக்கிறார். இழைகளின் இடைவெளி வழியே பின்னாலுள்ள காவி கசிந்து பொன்னாகத் தெரிகிறது. பின்பக்கம் வண்ணம் பூசுவது பழைய உத்திதான். அதை இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டவர் அரிது. அச்சுப் பிரதியை மட்டும் பார்த்துவிட்டு இவரை ‘அலங்கார ஓவியர்’ என்று ஒதுக்குவது அநியாயம்.

கேள்வி: மற்ற வண்ணங்கள்?

பதில்: நீலமும் பச்சையும் பெரும்பாலும் தாமிரக் கனிமங்களை அரைத்து எடுத்தவை, விலங்குப் பசையில் குழைத்துப் பூசுவார்கள். இந்த வரிசையின் மீன் ஓவியம் ஒன்றில் ஐரோப்பாவில் உருவான பிரஷ்யன் நீலமும் இருக்கிறது.

கேள்வி: நேரில் பார்க்க முடியுமா?

பதில்: 1889இல் கோயில் இவற்றை அரச குடும்பத்துக்கு அளித்தது. அதற்குக் கைம்மாறாகக் கிடைத்த பணம்தான் நலிந்திருந்த கோயிலைத் தாங்கியது. 2021இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. பட்டு வெளிச்சத்தில் மங்கும் என்பதால் எப்போதாவதுதான் காட்சிக்கு வைப்பார்கள். பயணத்துக்கு முன் டோக்கியோவிலுள்ள அரச சேகரிப்பு அருங்காட்சியகத்தின் அட்டவணையைப் பாருங்கள். அதுவரை, மர அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் பூ–பறவை அச்சுகளைத் தேடுங்கள். பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.