தாத்தாவைத் திரைக்குப் பின்னால் நிறுத்துங்கள்

கேள்வி: நான் குடியாத்தத்தில் இருக்கிறேன். படிப்பு முடித்துவிட்டு, நண்பர்கள் மூன்று பேருடன் சேர்ந்து இருபது நிமிடப் பேய்க் குறும்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மாவின் அப்பா செய்யாறு பக்கத்தில் நாற்பது வருடம் கூத்து ஆடியவர். இரணியன், துச்சாதனன் என்று கட்டை வேஷம்தான், அதாவது பெரிய கிரீடமும் புஜக்கட்டையும் வைத்த வேஷம்தான் கட்டுவார். அவர் வேஷத்தைப் பார்த்துப் பிள்ளைகள் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளுமாம். இப்போது எழுபத்தாறு வயது, எங்களோடு இருக்கிறார். போன மாதம் புதிதாக வந்த பேய்ப் படம் ஒன்றைக் கைபேசியில் காட்டினேன். பாதியிலேயே, "இது பயம் இல்லடா, காதுகிட்ட பட்டாசு வெடிச்சாலும் தூக்கித்தான் போடும்" என்று எழுந்துவிட்டார். என் படத்தை எடுத்தவரைக்கும் போட்டுக் காட்டினேன். "உன் பேய்க்கு இன்னா வோணும்னு உனக்கே தெரியலயே" என்றார். "உங்க காலம் வேற தாத்தா" என்று கத்திவிட்டேன். பதினைந்து நாளாகச் சரியான பேச்சு இல்லை. அவர் சொல்வது பழைய காலத்துப் பேச்சுதானே? படத்தில் வரும் கிழவர் வேடத்துக்கு அவரை விட்டால் எனக்கு ஆளும் இல்லை. எப்படிக் கேட்பது?

பதில்: தம்பி, தாத்தா சொன்னதில் முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்குக்கு நீங்கள் கோபப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கால் பங்கை முதலில் முடித்துவிடுகிறேன்.

திடுக்கிட வைப்பது இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1942-ல் ஹாலிவுட்டில் வால் லூட்டன் தயாரித்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போவாள். பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். சட்டென்று அந்தச் சத்தம் நின்றுவிடும். இவள் வேகம் கூட்டுவாள். ஏதோ பாயப்போகிறது என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது சீறிக்கொண்டு முன்னால் வந்து நிற்பது ஒரு பஸ். இந்த உத்திக்கே 'லூட்டன் பஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஆகவே காலத்தின் மேல் மட்டும் பழி போட்டால் அது சரியில்லை. அதோடு, இருட்டில் பார்க்க வேண்டிய படத்தைப் பட்டப்பகலில் உள்ளங்கை அளவுத் திரையில் காட்டியிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஊரையே உட்காரவைத்து ஆடிய மனிதருக்கு அது எப்படிப் போதும்?

இனி முக்கால் பங்கு. பட்டாசு உதாரணம் சாதாரணமானது இல்லை, உடம்பே அப்படித்தான் வேலை செய்கிறது. திடீர்ச் சத்தம் கேட்டால் கண் மூடும், கழுத்து உள்வாங்கும், தோள் தூக்கும். இது மூளைத் தண்டின் அளவிலேயே நடந்து முடிகிறது. 'என்ன அது' என்று மனம் கேட்பதற்குள் உடம்பு துள்ளி இறங்கிவிடுகிறது. அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் துள்ளலும் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் இரண்டாம் பாதியில் சத்தத்தை இன்னும் ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்தப் பஸ் இன்றும் வேலை செய்கிறதென்றால், அதற்கு முன்னால் அவளை அவ்வளவு தூரம் நடக்க விட்டார்களே, அதனால்தான். பயம் அந்த நடையில் இருக்கிறது.

உங்கள் தாத்தா சொன்னதையே, அவரைப் போலப் பயங்கர வேஷம் கட்டியே பிழைத்த இன்னொரு கிழவரும் சொல்லியிருக்கிறார். போரிஸ் கார்லாஃப். 1887-ல் லண்டனில் பிறந்தவர், அப்பா இந்தியாவில் உப்பு இலாகாவில் வேலை பார்த்தவர். 1931-ல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் பிணங்களின் உறுப்புகளைத் தைத்து உயிர் கொடுத்த அந்த உருவமாக நடித்தார். அரிதாரம் பூசவே தினமும் நான்கு மணி நேரம் போல ஆகுமாம். படத்தில் அவருக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. தான் நடித்த படங்களை 'ஹாரர்' என்று சொல்வது கடைசிவரை அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சொல்லில் அருவருப்பு இருக்கிறது, குமட்டல் இருக்கிறது. எனக்கு வேண்டியது அச்சம் என்பார். 'டெரர்' என்ற சொல்லைத்தான் கேட்டு வாங்கிக்கொள்வார். ரத்தத்தைக் கொட்டிக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது.

ரத்தமே கூடாதா என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்பட்டு வருவதை எத்தனை வருடம் பார்த்திருப்பீர்கள்! யோசித்துப் பாருங்கள், அது வெட்டுண்ட ஒரு பெண்ணின் தலை, பரசுராமனின் தாய் ரேணுகையின் தலை. அந்தப் பெரிய கண்களோடு, மாலைச் சுமையோடு, தெருவெல்லாம் தேங்காய் சிதற ஆடி ஆடி வருகிறது. நான் பார்த்த வருடம் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, மூன்று வயதுப் பிள்ளையைத் தோள்மேல் தூக்கி "பார்றா, நல்லாப் பாரு" என்று காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. அந்தத் தலை யாருடையது, மகன் கையாலேயே ஏன் வெட்டுப்பட்டது, எந்த உடம்பைத் தேடிப் போகிறது என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே தலையை யாரென்று சொல்லாமல் உங்கள் படத்தில் ஒரு அலமாரிக்குள்ளிருந்து உருட்டிவிட்டால், பார்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவ்வளவுதான் நடக்கும்.

"உன் பேய்க்கு இன்னா வோணும்?" தாத்தா கேட்டது இதைத்தான். எவ்வளவு பெரிய கேள்வி அது! அதை வசவாக எடுத்துக்கொண்டுவிட்டீர்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

ஃபிராங்கன்ஸ்டைனில் ஏரிக்கரைக் காட்சி ஒன்று. அந்த உருவத்தைக் கண்டு ஓடாத ஒரு சின்னப் பெண், அதைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் பூவைத் தண்ணீரில் எறிந்து, மிதப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். பூ தீர்ந்துபோகிறது. வெறும் கையைப் பார்க்கிறது அந்த உருவம். இவளும் பூப்போல மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடுகிறது. பிறகு தன் கைகளைப் பார்த்துத் தவிக்கிறது. கொடூரம் என்று அந்தக் காலத்தில் பல இடங்களில் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அவளை நோக்கிக் கை நீள்வதோடு காட்சி அறுந்துவிடும். விளைவைப் பாருங்கள்: தெரியாமல் செய்தது தெரியாமலே போய்விட்டது, அது வெறும் கொலைகாரப் பூதமாகிவிட்டது. 1980-களில்தான் வெட்டிய துண்டைத் திரும்பச் சேர்த்தார்கள். கார்லாஃபுக்குக் கடிதம் எழுதிய குழந்தைகள் அந்த உருவத்துக்காக இரக்கப்பட்டு எழுதினார்களாம். பயமும் இரக்கமும் ஒரே உடம்பிலிருந்து வந்தால்தான் படம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் தூக்கம் வராது.

இது பழைய காலத்தோடு போன சமாசாரம் இல்லை. 2011-ல் வந்த 'காஞ்சனா'வில் எத்தனை இடத்தில் தூக்கிவாரிப்போட்டது என்று இன்று யாரையாவது கேளுங்கள், சொல்லத் தெரியாது. சரத்குமார் திருநங்கையாக வரும் அந்த முன்கதையை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். அதைத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். இருட்டியபிறகு, சுவரில் பெரிதாக. கைபேசி வேண்டாம்.

என் அனுபவம் ஒன்று. ஆற்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம், நான் ஏழாவது படித்த வருடம். பாரதக் கூத்தில் அன்று துகில். துச்சாதனன் வேஷம் கட்டியவர் பகலில் எங்கள் தெருவுக்குப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர், என்னைக் கண்டால் 'பாப்பா' என்பார். அன்றிரவு இரண்டு பேர் பிடித்திருந்த திரைக்குப் பின்னால் முதலில் அவர் குரல் மட்டும்தான். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், நடுவே ஒன்றும் தெரியாது. அந்த நிலையிலேயே வெகு நேரம் வைத்திருந்தார்கள். திரை விலகியபோது வந்த கூச்சலைவிட, விலகுமுன் இருந்த நேரம்தான் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. பிறகு பாஞ்சாலி சேலையில் கை வைக்கும் கட்டம். கை வைக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனை நினைத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை நடுங்கியது. தோளில் கட்டியிருந்த புஜக்கட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகள் அந்த நடுக்கத்தில் விளக்கு வெளிச்சத்தை வாரி எங்கள் மேல் அடித்தன. செய்யப்போகிற காரியத்துக்குச் செய்கிறவரே பயப்படுகிறார் என்று தெரிந்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

உங்கள் தாத்தாவும் அந்தக் கட்டத்தில் கற்பூரம் ஏற்றியவராகத்தான் இருப்பார். அந்தக் கையை வீட்டில் வைத்துக்கொண்டு நடிக்க ஆள் இல்லை என்கிறீர்கள்.

கார்லாஃப் எண்பதை ஒட்டிய வயதில், சுவாசக் கோளாறோடும் நடக்கவே சிரமப்படும் காலோடும், 'டார்கெட்ஸ்' என்ற படத்தில் நடித்தார். 1968-ல் வந்தது, அடுத்த வருடம் பிப்ரவரியில் இறந்துபோனார். அதில் அவருக்கு வயதான பேய்ப்பட நடிகர் வேடம். பத்திரிகையில் வருகிற கொலைச் செய்திகளுக்கு முன்னால் என் வேஷத்துக்கு இனி யார் பயப்படுவார்கள் என்று தொழிலை விடப்போகிற கிழவர். இன்னும் ஒரு படம் நடித்துக் கொடுங்கள் என்று அவரிடம் மன்றாடுகிற இளம் இயக்குநராக, அந்தப் படத்தின் இயக்குநர் பீட்டர் போக்டனோவிச்சே நடித்திருப்பார். சண்டை போட்டுக்கொள்வார்கள், சமாதானமாவார்கள். நடுவில் கார்லாஃப் ஒரு கதை சொல்வார். பாக்தாத் சந்தையில் மரணத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்ட வேலைக்காரன் குதிரை வாங்கிக்கொண்டு சமாராவுக்கு ஓடுகிறான். 'இவனை இன்றிரவு சமாராவில் அல்லவா நான் பார்க்க வேண்டும், இங்கே என்ன செய்கிறான் என்றுதான் திகைத்தேன்' என்கிறது மரணம். வெட்டு இல்லாமல் ஒரே ஷாட். கேமரா மெதுவாக அந்த முகத்தை நெருங்கும். ஒரு குரல், ஒரு முகம், வேறு எதுவும் இல்லை. நீங்களும் உங்கள் நண்பர்களும் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இப்போது எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். "நடிக்க வர்றீங்களா தாத்தா" என்று போகிற போக்கில் கேட்காதீர்கள். கூத்துக்கு ஆள் அழைப்பது எப்படி என்று உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். தட்டில் வெற்றிலை பாக்கு, உங்களால் முடிந்த முன்பணம், வைத்துக் கொடுங்கள். கத்தினதுக்கு மன்னிப்பு அதற்கு முன்னால், தனியாக, நண்பர்கள் இல்லாதபோது. பிறகு அவர் கேட்ட கேள்வியை அவரிடமே திருப்பிக் கேளுங்கள்: என் பேய்க்கு என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்று. திரைக்கதையில் பாதி மாறலாம். மாறட்டும்.

விடிய விடியப் படப்பிடிப்பு வைக்காதீர்கள், எழுபத்தாறு வயது. அந்தி மங்கும் நேரத்தில் கவுண்டன்ய ஆற்று மணலுக்கு அழைத்துப் போங்கள். முதல் நாள் கேமரா வேண்டாம். ஒரு பழைய வேட்டியை இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடிக்கட்டும், அவர் பின்னால் நின்று, வேஷம் வெளியே வருமுன் பாடும் திரை விருத்தத்தைப் பாடட்டும். வேட்டியை எப்போது விலக்குவது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவர் சொல்லட்டும். நீங்கள் எண்ணி வைத்திருக்கும் விநாடிகளைவிட அது அதிகமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் கேமராவை வையுங்கள். பின்னணி இசையைப் பிறகு யோசிக்கலாம். அவர் மூச்சும் சலங்கையும் தெளிவாகப் பதிவானால் போதும். படம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். துச்சாதனனாகத் திரைக்குப் பின்னால் நின்ற அந்த இரவுகளில் அவருக்குப் பயமாக இருந்ததா என்று அவரிடம் கேட்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள்.