ஒரே ஃபைபரில் பல இணைப்புகள்: மல்டிபிளெக்சர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 12 கிலோமீட்டர் தூரம். இருப்பது ஒரு ஜோடி ஃபைபர்தான். 10 ஜிகாபிட் இணைப்பு நான்கு வேண்டும். புது கேபிள் இழுத்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். முனைக்கொன்றாக இரண்டு பாசிவ் சிடபிள்யூடிஎம் (CWDM, அகன்ற இடைவெளியில் அலைநீளங்களைப் பிரிக்கும் முறை) மல்டிபிளெக்சர் போதும். பல அலைநீள ஒளிகளை ஒரே ஃபைபரில் சேர்த்து, மறுமுனையில் பிரிக்கும் பெட்டி அது. ஒவ்வொரு இணைப்பும் தனி அலைநீளத்தில் போகும். 1270 முதல் 1610 நானோமீட்டர் வரை, 20 நானோமீட்டர் இடைவெளியில் மொத்தம் 18 தடங்கள். உள்ளே வெறும் ஃபில்டர்கள்தான், கரண்ட் கூடத் தேவையில்லை. ஆனால் ஸ்விட்சில் செருகும் மாட்யூல்கள் (ஒளியை அனுப்பி வாங்கும் சிறு கருவிகள்) அந்தந்த அலைநீளத்துக்கானவையாக இருக்க வேண்டும். நான்கு இணைப்புக்கு எட்டு மாட்யூல். பெட்டிக்கு மட்டும் விலை கேட்டுவிட்டு பட்ஜெட் போடாதீர்கள்.

கேள்வி: பழைய ஃபைபர் என்றால்?

பதில்: 1383 நானோமீட்டரை ஒட்டிய பகுதியில் பழைய ஃபைபர் ஒளியை அதிகம் விழுங்கும். 1470 முதல் 1610 வரையுள்ள எட்டுத் தடங்களோடு நின்றுகொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் லைனின் இழப்பை அளந்துவிடுங்கள். மாட்யூலின் குறைந்தபட்ச வெளியீட்டிலிருந்து ரிசீவரின் உணர்திறன் அளவைக் கழித்தால் வருவதுதான் கையிருப்பு. அதற்குள் ஃபைபர் (1550-ல் கிலோமீட்டருக்குச் சுமார் 0.25 டிபி, அதாவது டெசிபல்), கனெக்டர்கள், இரண்டு மல்டிபிளெக்சர் எல்லாம் அடங்கி, 3 டிபியாவது மிஞ்ச வேண்டும். நான் ஒருமுறை அளக்காமல் வாங்கிவிட்டு, ஒரே ஒரு அழுக்கு கனெக்டரைத் தேடி ஒரு நாள் முழுக்க அலைந்தேன்.

கேள்வி: ஒரேயடியாக டிடபிள்யூடிஎம் (DWDM, தடங்களை இன்னும் நெருக்கமாக அடுக்கும் முறை) போட்டுவிட்டால் பின்னாளுக்கும் ஆகுமே?

பதில்: 12 கிலோமீட்டருக்கு அது வீண் செலவு என்பேன். அங்கே தடங்களின் இடைவெளி 0.8 நானோமீட்டர் அளவுதான். லேசரின் வெப்பநிலையைக் கட்டிக்காக்க வேண்டும், அதனால் மாட்யூல் விலை ஏறும். நடுவில் எர்பியம் ஆம்ப்ளிஃபயர் (ஒளியை ஒளியாகவே பெருக்கும் கருவி) வைத்து நெடுந்தூரம் போக வேண்டும் என்றாலோ, பத்து இருபது தடங்கள் தேவை என்றாலோ சரி. உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது: சிடபிள்யூடிஎம்மில் 1530, 1550 போர்ட்களை இப்போது காலியாக விடுங்கள். பிறகு அந்த இடத்திலேயே டிடபிள்யூடிஎம் தடங்களைச் செருகலாம்.

கேள்வி: ஃபைபர் அறுந்தால்?

பதில்: நான்கும் ஒன்றாகப் போகும். வேறு பாதையில் வரும் இன்னொரு ஜோடி இருந்தால்தான் தப்பிக்கலாம். அதே குழாயில் வருவது கணக்கில்லை.

கேள்வி: பழைய இபிஏபிஎக்ஸின் (அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்) இ1 லைனையும் இதிலேயே சேர்க்கலாமா?

பதில்: நேராக முடியாது. அது 2.048 மெகாபிட்டில் 30 குரல் தடங்களை நேரம் பிரித்து அனுப்பும் வேறு வகை. ஈதர்நெட்டாக மாற்றும் கன்வெர்ட்டரை இரு முனையிலும் வைத்து ஸ்விட்சில் கொடுத்துவிடுங்கள்.