சர்ச் மூலமாக வெளிநாடு போனவர்களுக்கு முதல் சில நாள்கள் எப்படி இருந்தன? தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நான் போனது பிரான்சின் பர்கண்டி பகுதியில் இருக்கும் தேசே என்ற சின்னக் கிராமத்துக்கு. எங்கள் சர்ச் இளைஞர் குழுவிலிருந்து ஆறு பேர் போவதாகப் பேச்சு. பரீட்சை, புது வேலை, அக்கா கல்யாணம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, விமானம் ஏறியது நான் மட்டும்.

தேசே தெரியாதவர்களுக்கு: 1940இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த 25 வயது இளைஞர் ரோஜர் அங்கே ஒரு வீடு வாங்கினார். போர்க்காலம். தப்பி வந்த அகதிகளுக்கு, யூதர்கள் உட்பட, அந்த வீட்டில் இடம் கொடுத்தார். பிறகு அதுவே கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து வாழும் துறவற சகோதரர் குழுவாக வளர்ந்தது. இப்போது கோடையில் பல நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்து, ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறு வரை தங்குகிறார்கள்.

பயணம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. பாரிஸின் கார் தெ லியோன் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மக்கோன் என்ற ஊர். அங்கிருந்து தேசேவுக்கு பஸ். ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். அந்தத் தாளையும் அழைப்புக் கடிதத்தையும் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் கேட்டார்கள்.

கஷ்டம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்கியது. ஞாயிறு மாலை. எங்கே பார்த்தாலும் ஜெர்மன், போலிஷ், ஸ்பானிஷ் பேச்சு. எல்லோரும் கும்பல் கும்பலாக வந்திருந்தார்கள். நான் ஒரு கிண்ணத்தையும் ஒரு ஸ்பூனையும் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் நின்றேன். அங்கே கத்தி, முள்கரண்டியெல்லாம் கிடையாது. அதே கிண்ணத்தில்தான் டீயும் குடிக்க வேண்டும்.

இரவு எட்டரைக்குச் செபம். கோவிலுக்குள் பெரும்பாலானோர் தரையில்தான் உட்காருகிறார்கள். இது ஒன்றாவது நமக்கு வரும் என்று கொஞ்சம் கர்வத்தோடு சம்மணம் போட்டேன். வெள்ளை அங்கியில் சகோதரர்கள் நடுவில் வரிசையாக அமர, சுவரில் ஒளிரும் எண்ணைப் பார்த்துப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. யாரோ அடுத்த வரியை மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்... ஒருவரும் அசையவில்லை. அப்புறம்தான் புரிந்தது, மௌனமும் செபத்தில் ஒரு பகுதி. எட்டு, பத்து நிமிடம் போகும். எனக்கு அதற்குள் வீட்டு ஞாபகம் வந்து, கண் கலங்கி, இடது கால் முழுக்க மரத்துப்போனது. பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்க்காமலேயே ஒரு குட்டி மர மணையை என் பக்கம் நகர்த்தினாள். முழங்காலிட்டு, கால்களுக்கு மேல் அதை வைத்து உட்கார வேண்டுமாம். கர்வம் போனது, கால் பிழைத்தது.

அந்த ராத்திரி திரும்பிப் போகும் டிக்கெட்டின் தேதியை மாற்ற எவ்வளவு ஆகும் என்று போனில் தேடினேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

திங்கட்கிழமை வேலை பிரித்தார்கள். அங்கே சமைப்பது, பெருக்குவது, கழிப்பறை கழுவுவது எல்லாம் வந்தவர்களே செய்வதுதான். ஒரு ஜெர்மன் பெண் என்னிடம் வேகமாக ஏதோ கேட்டாள். சரியாகக் கேட்கவில்லை. பாத்திரம் கழுவச் சம்மதமா என்றுதான் கேட்டிருப்பாள் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவள் கேட்டது, பாத்திரம் கழுவும் குழுவுக்குத் தலைமை தாங்குகிறாயா என்று!

அந்தத் தலையாட்டல்தான் என்னைக் காப்பாற்றியது. மதியம் பன்னிரண்டு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று பெரிய தொட்டிகள்: ஒன்றில் சோப்பு நீர், மற்ற இரண்டும் அலச. சுடுதண்ணீர் எங்கே பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. போய்க் கேட்டுவந்து சைகையில் சொன்னேன். முழங்கை வரை நுரை. கிண்ணங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு போலந்துப் பையன் தொட்டியின் விளிம்பில் தாளம் போட ஆரம்பித்தான், யாரோ பாட, இன்னொருவன் ஈரக் கிண்ணங்களை அதே தாளத்தில் அடுக்கினான். வேலை முடிந்தபோது ஒன்பது பேரின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு பெயர்கூடத் தெரியாது.

காலையில் பைபிள் பகிர்வுக் குழுவும் உண்டு. நல்லதுதான், ஆனால் அரைகுறை ஆங்கிலத்தில் ஆழமாகப் பேச முதல் வாரத்திலேயே முயன்றால் களைப்புதான் மிஞ்சும். அதனால் நீங்கள் எங்கே போனாலும் முதல் நாளே கையால் செய்கிற ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாள் முடிவதற்குள் டிக்கெட் விலை தேடாதீர்கள்.

அப்புறம், ஸ்லீப்பிங் பேக். கட்டாயம் எடுத்துப் போங்கள். ஜூலைதானே என்று நான் வெறும் போர்வையோடு போய், கொண்டுபோன இரண்டு ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு தூங்கினேன்.