மாதிரிப் பாட்டில் களத்திலிருந்து ஆய்வகம் வரை: கேளுங்கள், சொல்கிறேன்

களத்தில் தண்ணீர் மாதிரி எடுத்தும் இருக்கிறேன், ஆய்வகத்தில் வாங்கி வைத்தும் இருக்கிறேன். மாதிரி எடுத்து எவ்வளவு நேரத்துக்குள் சோதிக்க வேண்டும் என்று கீழே வரும் காலக்கெடுக்கள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கழிவுநீர்ச் சோதனை விதிப்படி. உங்கள் ஆய்வகம் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

ஒரே இடத்துத் தண்ணீர்தானே சார், பெரிய கேனில் பிடித்து வந்து ஆய்வகத்தில் பிரித்துக்கொண்டால் என்ன?

கூடாது. உலோகம் பார்க்க நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் (அமில, கார அளவு) 2-க்குக் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரிலேயே படிந்துவிடும். அதே பாட்டிலில் நைட்ரேட் பார்த்தால் நீங்கள் ஊற்றியதையே அளந்துகொண்டிருப்பீர்கள்! சயனைடுக்கு நேர் எதிர், சோடியம் ஹைட்ராக்சைடு போட்டுக் காரமாக வைக்க வேண்டும். அதில் கைதவறி அமிலம் விழுந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், ஆளையே கொல்லும் சமாச்சாரம். எண்ணெய், கிரீஸ் என்றால் கண்ணாடிப் பாட்டிலில் நேரடியாகப் பிடியுங்கள், மாற்றி ஊற்றினால் கொஞ்சம் பழைய பாட்டிலிலேயே ஒட்டிக்கொள்ளும்.

விளிம்பு வரை நிரப்பணுமா?

பென்சீன் மாதிரி ஆவியாகிறவை என்றால் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, மூடியதும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பாக்டீரியாவுக்குக் குலுக்க இடம் விட வேண்டும்.

ஆய்வகம் போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும். ஐஸ் போட்டால் போதாதா?

எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோலிஃபார்ம் பாக்டீரியாவுக்கு 8 மணி நேரம்தான், மறுநாள் கதையே கிடையாது. பிஓடி (தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன் அளவு), நைட்ரேட் இரண்டும் 6 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல், உறையவும் விடாமல் வைத்தால் 48 மணி நேரம் தாங்கும். அமிலமிட்ட உலோகம் 6 மாதம், பாதரசம் மட்டும் 28 நாள். பிஎச்சுக்கு 15 நிமிடம், அதாவது அங்கேயே நின்று அளந்துவிட்டு வாருங்கள்.

கைமாற்றுப் படிவத்தை ஆய்வகத்தில் உட்கார்ந்து நிரப்பலாமா அண்ணா? களத்தில் நேரமே இல்லை.

வேண்டாம். யார் எடுத்தது, எப்போது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் கையெழுத்தும் நேரமும் வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால், அந்த நேரத்தில் யாரும் அதில் கைவைக்கவில்லை என்று உங்களால் நிரூபிக்க முடியாது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள். அப்புறம் லேபிளைப் பாட்டில் உடம்பில் ஒட்டுங்கள். ஆரம்ப காலத்தில் நான் மூடியில் மட்டும் எழுதி அனுப்பினேன், ஆய்வகத்தில் எல்லா மூடியையும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்கள். எது எந்தப் பாட்டிலுடையது? அன்றைய மாதிரி முழுக்க மறுபடி எடுத்தேன்.

சுத்தமான தண்ணீரைக் குப்பியில் அடைத்து, கூடவே கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறார்கள். வெட்டிச் செலவுதானே?

அதற்குப் பெயர் ட்ரிப் பிளாங்க். ஒரு தடவை எல்லா மாதிரியிலும் பெட்ரோலில் இருக்கும் டொலுயீன் வந்தது, திறக்காத அந்தக் குப்பியிலும் வந்தது. அப்புறம்தான் யோசித்தோம், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டருக்கான பெட்ரோல் கேன் இருந்திருக்கிறது.