நவீனம் எந்த வருஷம் பிறந்தது?

கேள்வி: முதல் உலகப் போர்க் காலத்து வெப்லி ராணுவ ரிவால்வர், இன்றைய நவீன செமி ஆட்டோமேடிக் பிஸ்டலான கிளாக். இரண்டில் எது உசத்தி?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: கிளாக் இருக்கட்டும், முதலில் அந்த 'நவீன' என்ற சொல்லைப் பார்ப்போம்.

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். செமி ஆட்டோமேடிக் பிஸ்டல். நீங்கள் பழசு என்று நினைக்கும் வெப்லி மார்க் 6 பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்ததோ 1915இல். ஆக, உங்கள் பழசு, உங்கள் நவீன செமி ஆட்டோமேடிக் ரகத்துக்குத் தம்பி!

இருந்தும் ஜூன் மாதம் பிறந்தால் போதும், வாஞ்சியின் கையில் ஒரு 'ரிவால்வரை'த் திணித்துவிடுகிறார்கள். ரிவால்வர் என்றால் தோட்டா உருளை சுழல வேண்டும். உருளையே இல்லாத பிரவுனிங்கில் எது சுழலும்? இதற்காகப் பத்திரிகை உதவி ஆசிரியர்களோடு பல வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன், இனியும் கட்டுவேன். அந்த மனிதர் தன் உயிரையும் அதே ஆயுதத்தால் முடித்துக்கொண்டார். அதன் பெயரையாவது சரியாக எழுத வேண்டாமா?

சரி, வெப்லி. மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில், லைசென்ஸோடு இருந்த வெப்லி ரிவால்வர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். துணியைப் பிரித்ததும் தையல் மெஷின் எண்ணெய் வாசனை. கட்டைவிரலால் பக்கத்துக் கொக்கியை அழுத்திக் குழாயைக் கீழே மடக்கினார். உருளையின் நடுவிலிருந்து நட்சத்திரம் போல ஒரு தட்டு எழும்பி, ஆறு காலிக் கூடுகளையும் ஒரே தள்ளலில் அவர் மடியில் கொட்டியது. பித்தளைச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"தோட்டா வெடிக்கலேன்னா என்னய்யா பண்ணுவீங்க?" என்றேன்.

"திரும்ப அமுக்க வேண்டியதுதான் தம்பி. அடுத்தது தானா வந்து நிக்கும்."

ரிவால்வரின் பெருமை முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. உருளையைச் சுழற்றுவது உங்கள் விரல். வெடிக்காத தோட்டாவைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பிஸ்டல் அப்படி இல்லை. சுட்டவுடன் வரும் பின்னுதையே மேல் ஸ்லைடைப் பின்னால் தள்ளி, காலிக் கூட்டை வீசுகிறது. ஸ்பிரிங் திரும்பும்போது அடுத்த தோட்டா ஏறுகிறது. வெடிக்காவிட்டால் உதை இல்லை, உதை இல்லாவிட்டால் வேலை இல்லை. கையால் ஸ்லைடை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே தள்ள வேண்டும்.

வீணாகப் போகும் உதையைப் பிடித்து வேலை வாங்குவது இருக்கிறதே, அதைத்தான் நான் நவீனம் என்பேன். நீடாமங்கலத்துக்காரருக்கு இதை ரைஸ் மில்லை வைத்தே சொல்லிவிடலாம். ஹல்லர் என்ற பழைய அரவை மெஷினில் உமியும் தவிடும் ஒன்றாக அரைபட்டு விழும். அந்தத் தவிடு எண்ணெய்க்கு உதவாது. ரப்பர் ரோலர் வந்தபின் உமி தனி, தவிடு தனி. அந்த உமியையே பாய்லரில் போட்டு, அந்த நீராவியிலேயே அடுத்த லோடு நெல்லை அவிக்கிறார்கள். நெல்லின் குப்பையே நெல்லுக்கு அடுப்பாகிறது! 'மாடர்ன் ரைஸ் மில்' என்று பலகை மாட்ட அந்த மில்லுக்கு உரிமை உண்டு. நம் டெல்டாவில் வெறும் ஹல்லரை வைத்துக்கொண்டு அதே பலகையை மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். கோபம் வந்திருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1982இல் ஆஸ்திரியாவில் பிறந்த கிளாக் 17இல் 17 தோட்டா. பிளாஸ்டிக் உடம்பு, எடை 700 கிராம் அளவில். வெப்லியில் 6 தோட்டா, எடை ஒரு கிலோவுக்கு மேல். வெப்லியின் குண்டு கனம், வேகம் குறைவு. கிளாக்கின் குண்டு இலேசு, வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. தினம் பயிற்சி எடுக்கும் காவலருக்கு கிளாக்தான், சந்தேகமே வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை அலமாரியைத் திறக்கும் நம் பெரியவருக்கு ரிவால்வர்தான். கான்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் வெப்லி வம்சம்தான்.

அப்புறம், அடுத்த ஜூனில் 'வாஞ்சியின் ரிவால்வர்' என்று எங்கே அச்சாகியிருந்தாலும் வெட்டி எனக்கு அனுப்புங்கள்.