போயம் (POEM) என்ற எண்டோஸ்கோப் சிகிச்சை செய்தபின் அப்பாவுக்கு இரவில் நெஞ்செரிச்சல்: சிகிச்சை தோற்றுவிட்டதா?

இல்லை. சோறு சிக்காமல் இறங்குகிறது என்கிறீர்களே, அகலேசியாவில், அதாவது உணவுக்குழாயின் அடித்தசை தளராமல் சாப்பாடு சிக்கும் நோயில், அதுதான் முக்கியம்.

போயத்தில் உணவுக்குழாயின் அடியில் இறுகிக் கிடக்கும் தசையை எண்டோஸ்கோப் வழியாக உள்ளிருந்தே வெட்டிவிடுகிறார்கள். கதவு திறந்தாயிற்று, அமிலமும் மேலே வரும். அதே தசையை வெளிப்பக்கமிருந்து வெட்டும் ஹெல்லர் அறுவையில் இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றித் தைத்துத் தடுப்பு வைப்பார்கள்; போயத்தில் வழக்கமாக அது கிடையாது.

அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையை அப்பா எப்போது போடுகிறார் என்று பாருங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையும். அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். அப்புறம், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும்.

எரிச்சல் அடங்கினாலும் உள்ளே புண் இருக்கலாம், அதனால் டாக்டர் சொன்ன எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். சோறு மறுபடி சிக்கினாலோ மலம் கறுத்தாலோ உடனே காட்டுங்கள்.