விஜய் சிங்: நாற்பதுக்குப் பிறகு 22 பட்டங்கள் (கேள்வி பதில்)

ஃபிஜியின் கோல்ஃப் வீரர் விஜய் சிங்கைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களில் பாதிப் பேர் மட்டையைத் தொட்டதே இல்லை என்று தெரிகிறது, அதனால் ஆட்டத்தின் விதிகளையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, பெயரைப் பார்த்தால் நம் நாட்டுக்காரர் போல இருக்கிறது. இந்தியரா? தமிழ்த் தொடர்பு ஏதாவது உண்டா?

ஃபிஜி இந்தியர். 1963 பிப்ரவரி 22 அன்று லவுட்டோகாவில் பிறந்து, நாடி என்ற ஊரில் வளர்ந்தவர். தமிழ்க் குடும்பம் இல்லை. ஆனால் அவர் வளர்ந்த ஊருக்குத் தமிழ்த் தொடர்பு உண்டு. 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலில் ஆள் கூட்டிக்கொண்டு போய் ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் கும்பிடும் பெரிய சிவசுப்பிரமணியர் கோயில் நாடியில்தான் இருக்கிறது.

அந்தத் தீவில் அவருக்கு யார் கோல்ஃப் சொல்லிக்கொடுத்தார்கள்?

அப்பா மோகன் சிங். விமான டெக்னீஷியன், நன்றாக கோல்ஃப் ஆடுவார். விமான நிலையத்தை ஒட்டியே மைதானம் இருந்ததால் பையனுக்குப் பழக இடம் கிடைத்தது. பயிற்சியாளர் என்று தனியாக யாரும் இல்லை. அமெரிக்க வீரர் டாம் வைஸ்காப்பின் படங்களைப் பார்த்து, அவர் மட்டை வீசுகிற விதத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். வைஸ்காப் உயரமானவர், விஜய்யும் ஆறடிக்கு மேல். தன் உடல்வாகுக்குப் பொருந்துகிற ஒருவரைப் பார்த்துப் படித்தது நல்லதாகப் போயிற்று.

ஐயா, ஸ்கோரைத் திருத்தினார் என்று ஒரு பழைய புகார் உண்டே, அது உண்மையா?

1985இல் இந்தோனேசிய ஓப்பன் போட்டியில் வந்த புகார் அது. முதலில் விதியைச் சொல்கிறேன். கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவர்தான் வெல்வார். ஒவ்வொரு குழிக்கும் நீங்கள் எத்தனை அடி அடித்தீர்கள் என்ற எண்ணிக்கையை உங்களோடு ஆடுகிறவர் எழுதுவார். ரவுண்ட், அதாவது பதினெட்டுக் குழி, முடிந்ததும் நீங்கள் ஒவ்வொரு குழியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு குழியில் ஆடியதைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டாலும் ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். நேர்மை அந்த ஒற்றைக் காகிதத்தில் நிற்கிற ஆட்டம் இது.

கட் (போட்டியின் பாதியில் போடும் தகுதிக் கோடு) தாண்டுவதற்காக விஜய் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, நான் ஏமாற்றவில்லை என்று அவர் அன்றும் சொன்னார், பிறகும் சொன்னார். ஆனாலும் ஆசியப் போட்டிகளில் ஆட அவருக்குத் தடை விழுந்தது. அந்தக் கையெழுத்து மேசையருகே நடந்ததை நாம் யாரும் பார்க்கவில்லை, எனவே தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகின் எல்லாப் பெரிய போட்டிகளிலும் ஆயிரக்கணக்கான ரவுண்ட் ஆடியிருக்கிறார். அப்படி ஒரு புகார் மறுபடி எழவில்லை. நான் அதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

தடை விழுந்த பிறகு சாப்பாட்டுக்கு என்ன செய்தார்?

போர்னியோவுக்குப் போனார். மலேசியாவின் சபா மாநிலத்தில், காடு சூழ்ந்த கெனிங்காவ் என்ற ஊரின் கிளப்பில் பயிற்சியாளர் வேலை. மரம் வெட்டும் தொழிலில் இருந்தவர்களுக்கும் எண்ணெய் நிறுவன ஆட்களுக்கும் பாடம் எடுத்துச் சொற்பப் பணம் வாங்கினார். மனைவி அர்தீனாவும் அந்தக் காலம் முழுக்கக் கூட இருந்தார். பாடம் இல்லாத நேரமெல்லாம் அந்தப் புழுக்கத்தில் நின்று பந்து அடித்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது அப்போது. ஆசியப் போட்டிகளில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தும் பயிற்சியை விடாதவர். எனக்கு அவர் வாங்கிய கோப்பைகளைவிட இந்தக் காலம்தான் பெரிது.

அப்புறம் ஐரோப்பா. கொஞ்ச காலம் ஸ்காட்லாந்தில் இரவு விடுதி வாசலில் காவலாளாக நின்றிருக்கிறார். 1988இல் நைஜீரிய ஓப்பனை வென்றார். அந்த ஆண்டே தகுதிச் சுற்றில் தேறி ஐரோப்பிய டூருக்குள் (அங்கே ஆண்டு முழுக்க நடக்கும் போட்டித் தொடர்) நுழைந்தார், 1989இல் அங்கே முதல் பட்டம். 1993இல் அமெரிக்காவில் ப்யூக் கிளாசிக்கை ப்ளேஆஃபில் (சமமாக முடிந்தால் வைக்கும் கூடுதல் ஆட்டம்) வென்று, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் வாங்கினார். அந்தப் புதுமுகத்துக்கு வயது முப்பது!

கோல்ஃப் வீரர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

யாரும் தருவதில்லை. இது பலருக்குத் தெரியாத விஷயம். போட்டி நான்கு நாள். இரண்டு நாள் முடிந்ததும் ஒரு கோடு போடுவார்கள், அதுதான் கட். அமெரிக்க டூரில் இப்போது முதல் 65 இடங்களும் அந்த எண்ணிக்கையில் சமமாக நிற்பவர்களும் உள்ளே, மற்றவர்கள் வெளியே. வெளியே போனால் பொதுவாகப் பரிசில் ஒரு காசு கிடையாது. விமான டிக்கெட், விடுதி, மட்டைப் பையைச் சுமக்கும் கேடிக்கு வாரக் கூலி எல்லாம் சொந்தச் செலவு. வெல்பவருக்குப் பெரும்பாலும் மொத்தப் பரிசில் 18 சதவீதம். அதில் பத்தில் ஒரு பங்கைக் கேடிக்குக் கொடுப்பது வழக்கம். விளம்பர ஒப்பந்தங்கள் பெயர் வந்த பிறகுதான் வரும். கடன் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கட் தாண்டாமல் திரும்பி வருகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம்.

அவரளவுக்குப் பயிற்சி செய்தவர் யாரும் இல்லை என்கிறார்களே சார், அப்படி என்னதான் செய்வார்?

ஃப்ளோரிடாவில் சாகிராஸ் மைதானத்தின் பயிற்சித் திடல், அதன் கடைசி மூலை. அவர் நிற்கும் இடம் அதுதான். காலையில் வந்தால் பொழுது சாயும்வரை இருப்பார். போட்டியில் ரவுண்ட் முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போகும்போது இவர் மறுபடி திடலுக்குப் போவார்.

ஆனால் அதிகமாக அடித்தார் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஒவ்வொரு பந்துக்கும் ஏதாவது ஒரு சோதனை வைத்திருப்பார். இடது அக்குளில் ஒரு கையுறையை இடுக்கிக்கொண்டு அடிப்பார். கை உடம்பை விட்டு விலகினால் கையுறை கீழே விழுந்துவிடும், தப்பு எங்கே என்று உடனே தெரியும். பந்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சியைச் சாய்த்து நட்டு, மட்டை இறங்கும் பாதை அதில் படாமல் வருகிறதா என்று பார்ப்பார். அவர் நின்ற இடத்தில் புல் பெயர்ந்த தடங்கள் வரிசை பிசகாமல் இருக்கும். நான் பழக்கும் பிள்ளைகளிடம் நூறு பந்தை வீணாக்காதே, கையுறையை இடுக்கிக்கொண்டு இருபது அடி என்பேன். இவரிடமிருந்து எடுத்ததுதான்.

பந்தை அடித்ததும் அவர் வலது கை மட்டையை விட்டுவிடுகிறதே, அது தப்பில்லையா?

மற்றவர்களுக்குப் பழக்கித்தர மாட்டேன். பந்தில் மட்டை படும் நேரத்தில் அவருடைய வலது கை விரல்கள் தளர்ந்து விரியும். வலது கை முந்திக்கொண்டு மட்டையின் முகத்தைத் திருப்பிவிட்டால் பந்து இடப்பக்கம் ஓடும், அது நடக்காமல் இப்படித் தடுத்துக்கொள்கிறார். லட்சக்கணக்கான பந்துகளில் ஊறிய பழக்கம் அது.

2000 மாஸ்டர்ஸில் மகன் எழுதிய சீட்டு என்று ஒரு கதை கேட்டேன். நிஜமா?

நிஜம்தான். மகன் காஸ் அப்போது சின்னப் பையன். அப்பா, உங்கள் ஸ்விங்கை (மட்டை வீச்சை) நம்புங்கள் என்ற பொருளில் ஒரு வரி எழுதிக் கொடுத்தான், அது கோல்ஃப் பையில் குத்தியிருந்தது. ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளை மேஜர் என்பார்கள். 1998இல் சஹாலி மைதானத்தில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றிருந்தார், இந்த மாஸ்டர்ஸ் இரண்டாவது மேஜர். மைதானத்துக்கு வகுத்த எண்ணிக்கையைவிடப் பத்து அடி குறைவாக ஆடி, எர்னி எல்ஸை மூன்று அடி வித்தியாசத்தில் தாண்டினார். அந்த ஆண்டின் மற்ற மூன்று மேஜர்களையும் டைகர் வுட்ஸ் வென்றார். ஒரே ஆண்டில் நான்கையும் வெல்ல முடியாமல் அவரைத் தடுத்தது இந்த ஏப்ரல் ஞாயிறு.

டைகர் உச்சத்தில் இருந்தபோது முதலிடத்தை எப்படிப் பிடித்தார்?

2003இல் நான்கு பட்டம், பரிசுப் பணத்தில் முதலிடம். 2004இல் ஒன்பது பட்டம். செப்டம்பர் 6 அன்று பாஸ்டன் பக்கத்தில் டாய்ச்சே வங்கிப் போட்டியின் கடைசி நாளில் டைகரும் பின்னால் துரத்திக்கொண்டிருந்தார், இவர் மூன்று அடி வித்தியாசத்தில் வென்றார். டைகர் தொடர்ந்து 264 வாரம் வைத்திருந்த உலகத் தரவரிசை முதலிடம் அன்று கைமாறியது. அடுத்த வாரமே கனடாவில், சொந்த மண்ணில் ஆடிய மைக் வியரை ப்ளேஆஃபில் தோற்கடித்தார். அந்த ஆண்டு அவருடைய பரிசுத் தொகை 1 கோடியே 9 லட்சம் டாலர். ஒரே பருவத்தில் ஒரு கோடியைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான்.

அப்போது வயது 41. அமெரிக்க டூரில் அவர் வென்ற 34 பட்டங்களில் 22 நாற்பது வயதுக்குப் பிறகு வந்தவை. அதற்கு முன் சாம் ஸ்னீட் வைத்திருந்த சாதனை 17.

இவ்வளவு செய்தும் ரசிகர்கள் ஏன் அவரைக் கொண்டாடவில்லை?

ஒரு பகுதி அவர் செய்தது. 2003இல் பெண்கள் கோல்ஃபின் நட்சத்திரம் அனிகா சோரன்ஸ்டாம் ஆண்களின் கொலோனியல் போட்டியில் ஆட வந்தபோது, அவர் கட் தாண்டக்கூடாது என்று தான் நினைப்பதாக விஜய் சொன்னார். அது தவறான பேச்சு. பிறகு வருத்தம் தெரிவித்தார், ஆனால் சொன்னது ஒட்டிக்கொண்டது. பழைய புகாரைத் திரும்பத் திரும்பக் கேட்ட பத்திரிகையாளர்களிடம் அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அவர்களும் அவரைப் பற்றி அன்பாக எழுதவில்லை.

மான்கொம்பு ஸ்ப்ரே வழக்கு என்ன ஆயிற்று?

மான்கொம்பிலிருந்து எடுத்த சத்து கலந்த ஸ்ப்ரே அது. 2013இல் அதைப் பயன்படுத்தியதாக அவரே சொன்னார், தடைசெய்த பொருள் என்று தெரியாது என்றார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஸ்ப்ரேவைத் தடைசெய்யப்பட்டதாகக் கருதவில்லை என்றதும் அமெரிக்க டூர் நடவடிக்கையைக் கைவிட்டது. பெயரைக் கெடுத்ததாக அவர் டூர்மேல் வழக்குப் போட்டார், 2018இல் சமரசமாக முடிந்தது.

இப்போதும் ஆடுகிறாரா?

ஆடுகிறார். 2018இல் மூத்த வீரர்களுக்கான சீனியர் ப்ளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை வென்றார். மாஸ்டர்ஸை ஒருமுறை வென்றவர் வாழ்நாள் முழுக்க அங்கே ஆடலாம். 2024இல் 61 வயதில் போய்க் கட் தாண்டினார்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்க்கட்டும் அண்ணா?

2004 பிஜிஏ சாம்பியன்ஷிப், விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ், கடைசி நாள். அவருடைய அழகான ரவுண்ட் என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அன்று 76 அடிகள் ஆனது, ஒரு பர்டிகூட (ஒரு குழியை வகுத்ததைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது) இல்லை. குட்டைப் புட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) அந்த வாரம்தான் மறுபடி கையில் எடுத்திருந்தார், பந்து குழிக்குள் போக மறுத்தது. ஜஸ்டின் லெனர்டும் கிறிஸ் டிமார்கோவும் கடைசிக் குழியில் தவறவிட்டதால் மூவரும் சமமாகி ப்ளேஆஃப் வந்தது. மூன்று குழி. அதில் முதலாவதான பத்தாம் குழியில் டிரைவரை (அதிகத் தூரம் அடிக்கும் மட்டை) எடுத்தார். நாள் முழுக்க வராத ஸ்விங் அப்போது வந்தது, பந்து குழியைச் சுற்றியுள்ள பச்சைப் புல்தரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அன்றைய முதல் பர்டி அங்கே விழுந்தது, மூன்றாவது மேஜரும் அவருக்கே. அந்த அடியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், வலது கை விரிவது தெளிவாகத் தெரியும்.